கயாக் மட்டும் வந்தது

மே மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்று. காலை ஆறே கால் மணிக்கு, அமெரிக்காவில் மிச்சிகன் ஏரிக்கரையிலுள்ள மில்வாக்கி துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவருக்கு வெளியே மஞ்சள் நிறக் கயாக் ஒன்று, அதாவது துடுப்புப் போடும் சின்ன ஒடுங்கிய படகு, தன்பாட்டுக்கு மிதந்துகொண்டிருந்தது. சால்மன் பிடிக்கக் கிளம்பிய ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, ரேடியோவின் 16ஆம் சேனலில் கடலோரக் காவல்படையைக் கூப்பிட்டார். துடுப்பு உள்ளே கிடந்தது. லைஃப் ஜாக்கெட்டும் உள்ளேதான். ஆள் இல்லை.

மிச்சிகன் ஏரியில் மே மாதத்துத் தண்ணீர் ஏழு டிகிரி செல்சியஸ் இருந்தால் அதிகம். ஏரி என்கிறோமே தவிர, நம் ஊர்க் கணக்கில் அது கடல்தான். 494 கிலோமீட்டர் நீளம், அகலமான இடத்தில் 190 கிலோமீட்டர், ஆழம் 282 மீட்டர் வரை. பரப்பில் தமிழ்நாட்டில் கிட்டத்தட்டப் பாதி. உப்பு இல்லை, சுறா இல்லை. அது ஒன்றுதான் வித்தியாசம்.

அன்று எங்கள் படகு ஏற்கெனவே தண்ணீரில் இருந்தது. பயிற்சிக்காகப் போயிருந்தோம். எங்கள் படகு என்றால் அரசாங்கத்துப் படகு இல்லை. எழுபது வயதைத் தாண்டிய, பணி ஓய்வு பெற்ற மெக்கானிக் ஒருவரின் சொந்தப் படகு அது. அவர்தான் எங்கள் காக்ஸ்வெய்ன், அதாவது படகுத் தலைவர். நானும் இன்னும் இருவரும் சிப்பந்திகள். நால்வருக்கும் சம்பளம் கிடையாது. சீருடையைக்கூடக் காசு கொடுத்துத்தான் வாங்கினோம். முறைப்படி உத்தரவு பெற்றுப் போகும் ரோந்துக்கு எரிபொருள் செலவு மட்டும் திரும்பக் கிடைக்கும்.

அமெரிக்கக் கடலோரக் காவல்படையின் துணைப்படையான ஆக்ஸிலியரியில் நான் சேர்ந்த கதையைச் சொல்லிவிட்டுக் கயாக்குக்கு வருகிறேன்.

நான் மார்த்தாண்டத்துக்காரன். கடல் எங்கள் வீட்டிலிருந்து பஸ் போகும் தூரம்தான் என்றாலும் கடல்காரன் கிடையாது. நாற்பது வயது வரைக்கும் நீச்சல் தெரியாது. 2017 நவம்பர் 30ஆம் தேதி ஒக்கிப் புயல் கன்னியாகுமரிக் கரையை ஒட்டிப் போனபோது நான் இங்கே விஸ்கான்சினில் அலுவலகத்தில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளைப் பக்கத்து ஆட்கள் பல நாள் தங்குகடலுக்குப் போகிறவர்கள். கரையிலிருந்து அவ்வளவு தூரத்தில் இருக்கும் படகுகளுக்குச் சேதி சொல்ல வழி இல்லாமல் போயிற்று. அடுத்து வந்த நாட்களில், கரையில் இருந்தவர்கள் தங்கள் படகுகளையே எடுத்துக்கொண்டு சொந்தக்காரர்களைத் தேடிப் போனார்கள். என்னோடு படித்த ஒருவன் அப்படிப் போனவன். ஒரு வாரம் கழித்து போனில், "எங்க தேடணும்னு தெரியாம தேடினோம்லே" என்றான். வேறு ஒன்றும் சொல்லவில்லை.

அந்த வாக்கியம் என்னோடு ஒட்டிக்கொண்டது. எங்கே தேட வேண்டும் என்பதை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? அப்படி ஒரு படிப்பு இருக்கத்தானே வேண்டும்? அதைத் தேடிப் போனதில் கிடைத்த வாசல்தான் ஆக்ஸிலியரி. அமெரிக்கக் குடியுரிமை வேண்டும் என்பதால் அது கைக்கு வரும் வரை காத்திருந்தேன். கைரேகை, பின்னணி விசாரணை, ஒரு சின்னத் தேர்வு. முடிந்ததும் எங்கள் ஃப்ளோட்டிலாவின், அதாவது உள்ளூர்க் கிளையின், மாதக் கூட்டத்துக்குப் போனால், அறையில் இருந்த தலைகளில் கறுப்பு முடி என்னுடையது மட்டும்தான். இருந்த கொஞ்ச முடியைத்தான் சொல்கிறேன்.

இந்த அமைப்பு 1939 ஜூன் 23ஆம் தேதி ஒரு சட்டத்தால் வந்தது. படகு வைத்திருந்த சாதாரண மக்களைத் திரட்டிப் பாதுகாப்பு வேலைக்குப் பயன்படுத்துவதுதான் யோசனை. 1941இல் இப்போதைய பெயர் வந்தது. 1945இல் விமானம் வைத்திருப்பவர்களும் சேரலாம் என்றார்கள். ஆகவே இன்றைக்கு ஃப்ளோட்டிலாவில் படகுக்காரர், விமானக்காரர், ரேடியோக்காரர், ஒன்றுமே சொந்தமாக இல்லாத என்னைப் போன்றவர் எல்லோரும் உண்டு. எங்களுக்கு யாரையும் கைது செய்யும் அதிகாரம் கிடையாது. துப்பாக்கி கிடையாது. அபராதம்கூடப் போட முடியாது. மாமனாரிடம் இதைச் சொன்னபோது, "அப்போ என்னத்துக்கு மாப்ள யூனிஃபார்ம்?" என்றார். நியாயமான கேள்விதான்.

சரி, கயாக்.

காலி கயாக் ஒன்றைக் கண்டால் கேள்வி ஒன்றுதான்: ஆள் தண்ணீரில் இருக்கிறாரா, வீட்டில் தூங்குகிறாரா? அந்தக் கயாக்கில் பெயர் இல்லை, போன் நம்பர் இல்லை. விஸ்கான்சினில் எஞ்சின் படகுக்குப் பதிவு எண் கட்டாயம். 'டபிள்யூ எஸ்' என்று தொடங்கி மூன்று அங்குல உயரத்தில் இருபுறமும் எழுதியிருக்க வேண்டும். துடுப்புப் போடும் கயாக்குக்கு அது தேவையில்லை. ஆகவே யாருடையது என்று கண்டுபிடிக்க வழியில்லை. தெரியாத வரைக்கும் ஒருவர் ஏழு டிகிரித் தண்ணீரில் கிடக்கிறார் என்றே வைத்துக்கொண்டு தேட வேண்டும்.

குளிர்ந்த நீரைப் பற்றிக் கனடாவின் மானிடோபா பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் கோர்டன் கீஸ்பிரெக்ட் சொல்லும் கணக்கு ஒன்று உண்டு: ஒன்று, பத்து, ஒன்று. விழுந்ததும் மூச்சு வாங்கித் திணறும் அந்த முதல் ஒரு நிமிடத்தைத் தாண்ட வேண்டும். அதைத் தாண்டினால் கைகால் சொன்னபடி கேட்பது பத்து நிமிடம். அதற்குப் பிறகு நினைவு தப்புவதற்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம். அந்தக் கடைசி ஒரு மணி நேரம் லைஃப் ஜாக்கெட் போட்டவருக்குத்தான். போடாதவர் பத்து நிமிடத்திலேயே முழுகிவிடுவார், குளிர் கொல்வதற்கு முன்பே. குளிர் தண்ணீரில் ஆளைக் கொல்வது குளிர் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். பெரும்பாலும் நீந்த முடியாமல் போவதுதான் கொல்கிறது. நல்ல நீச்சல்காரருக்கும் இதே கதிதான்.

எங்கள் கயாக்கில் லைஃப் ஜாக்கெட் உள்ளேயே கிடந்ததே. காக்ஸ்வெய்ன் அதைப் பார்த்துவிட்டு எதுவும் பேசவில்லை. தொப்பியைக் கழற்றித் திரும்பப் போட்டுக்கொண்டார்.

எங்கே தேடுவது? இங்கேதான் என் நண்பனின் கேள்விக்குப் பதில் இருக்கிறது. மிதக்கும் பொருள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாகப் போகும். காலி கயாக் காகிதத் தோணி மாதிரி. காற்று அதைத் தள்ளிக்கொண்டே போகும். தண்ணீரில் கழுத்தளவு அமிழ்ந்திருக்கும் ஆளைக் காற்று அவ்வளவாகத் தள்ளாது, நீரோட்டம்தான் இழுக்கும். ஆகவே கயாக் கிடைத்த இடத்தில் ஆளைத் தேடினால் கிடைக்க மாட்டார். ராத்திரி முழுக்க அடித்த காற்றை வைத்து, கயாக் எங்கிருந்து வந்திருக்கும் என்று பின்னோக்கிப் போக வேண்டும். அங்கிருந்து ஆள் எங்கே போயிருப்பார் என்று மறுபடி முன்னோக்கி வர வேண்டும். கடலோரக் காவல்படை 2007 முதல் இதற்கு ஒரு கணினி மென்பொருள் வைத்திருக்கிறது. ஆயிரக்கணக்கான கற்பனை ஆட்களைத் தண்ணீரில் போட்டு, காற்றும் நீரோட்டமும் அவர்களை எங்கே கொண்டுபோகும் என்று ஓட்டிப் பார்க்கும். புள்ளிகள் எங்கே நெருக்கமாகக் கிடக்கின்றனவோ அங்கே முதலில் தேட வேண்டும்.

அன்று ராத்திரி வீசியது வடமேற்குக் காற்று. எங்கள் ஊர்க் கடற்கரையில் வாடை, கொண்டல், சோழகம், கச்சான் என்று திசைக்கு ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். அந்தக் கணக்கில் கச்சானும் வாடையும் கலந்தது. கச்சான் மேற்கிலிருந்து வருவது. நம் மேற்குக் கரையில் அது கடலிலிருந்து கரைக்கு அடிக்கும். மில்வாக்கி ஏரியின் மேற்குக் கரையில் இருப்பதால், இங்கே அதே காற்று கரையிலிருந்து ஏரிக்குள் தள்ளும். இதன் வஞ்சகம் என்னவென்றால், கரையோரம் தண்ணீர் தட்டில் ஊற்றிய மாதிரி அசையாமல் இருக்கும். பிள்ளைகளின் காற்றடைத்த மிதவைகளுக்கு ஏற்ற நாள் என்று தோன்றும். நூறடி உள்ளே போன பிறகுதான் திரும்ப முடியவில்லை என்பது தெரியவரும்.

எங்களுக்குக் கிடைத்த பகுதியில் இணையான கோடுகளாக, வயலை உழுவது போல, போய்த் திரும்பிப் போய்த் திரும்பித் தேடினோம். காவல்படையின் பெரிய படகு ஒரு பக்கம். ஏரியைக் குறுக்கே தாண்டி டிராவர்ஸ் சிட்டியிலிருந்து ஹெலிகாப்டர். நகரத்தின் டிம்மர்மன் விமான நிலையத்திலிருந்து எங்கள் ஆக்ஸிலியரிக்காரர் ஒருவரின் சொந்த செஸ்னாவும் வந்து சேர்ந்தது. காலை முழுக்கத் தேடினோம். கையில் பைனாகுலர், வாயில் ஆறிப்போன காபி. ஒவ்வொரு வெள்ளை அலையும் ஒரு தலை. ஒவ்வொரு கடற்புறாவும் ஒரு கை.

செஸ்னாவில் உட்கார்ந்து பார்ப்பது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அதற்கு முந்தைய கோடையில் பார்வையாளர் பயிற்சிக்காக மூன்று தடவை பறந்திருக்கிறேன். அதற்கு முன்னால் ஒரு நீச்சல் குளத்தில், நாற்காலியில் பெல்ட் போட்டுக் கட்டித் தலைகீழாகக் கவிழ்த்தார்கள். விமானம் தண்ணீரில் இறங்கினால் எப்படி வெளியே வருவது என்பதற்கான பாடம். முதல் தடவை பெல்ட்டை அவிழ்க்கவே மறந்துவிட்டு நீந்தப் பார்த்தேன். மூக்கில் ஏறிய குளோரின் நாற்றம் இரண்டு நாள் போகவில்லை. நாற்பத்தொன்றாம் வயதில் ஒய்.எம்.சி.ஏ. குளத்தில் ஆறு வயதுப் பிள்ளைகளோடு நீச்சல் கற்றவனுக்கு இது கொஞ்சம் அதிகம்தான்.

பறந்தபோது ஒரு சோதனை செய்தார்கள். கீழே படகிலிருந்து ஒரு பொம்மையைத் தண்ணீரில் போட்டார்கள். ஆள் விழுந்தால் மீட்பதற்குப் பழகும் பொம்மை அது; ஆஸ்கர் என்று பெயர். 'ஆள் தண்ணீரில்' என்பதைக் காட்டும் கப்பல் கொடி 'ஓ' எழுத்துக் கொடி. அந்த எழுத்துக்கு ரேடியோவில் சொல்லும் பெயரே பொம்மைக்கும் ஆகிவிட்டது. நாங்கள் 500 அடி உயரத்தில். ஆஸ்கர் மேல் ஆரஞ்சு லைஃப் ஜாக்கெட் இருந்தபோது பத்து வினாடியில் காட்டிவிட்டேன். ஜாக்கெட்டைக் கழற்றிவிட்டுப் போட்டார்கள். மூன்று தடவை தலைக்கு மேலேயே பறந்தோம். நான் பார்க்கவில்லை. பைலட் சிறகைச் சாய்த்து, "உன் ஜன்னலுக்கு நேர் கீழே" என்றார். அப்போதும் தெரியவில்லை. தண்ணீருக்கு மேலே தெரிவது ஒரு தேங்காய் அளவு. அதுவும் முடி நனைந்த தேங்காய்.

கண்ணை அப்படியே வழுக்கிக்கொண்டு போனால் ஒன்றும் தெரியாது என்பதும் அன்று கற்றதுதான். ஓரிடத்தில் நிறுத்த வேண்டும், பார்க்க வேண்டும், அடுத்த இடத்துக்கு நகர்த்தி மறுபடி நிறுத்த வேண்டும். கண் நிற்கும்போதுதான் பார்க்கிறது. அரை மணி நேரத்தில் தலை வலிக்கும். அப்புறம் பார்த்துக்கொண்டிருப்பதாக நினைத்துக்கொண்டு பார்க்காமல் இருப்போம். அதற்காகத்தான் ஆள் மாற்றி உட்காருவது.

பதினொன்றரை மணிக்கு ரேடியோவில் தேடலை நிறுத்தச் சொன்னார்கள். கயாக்கின் சொந்தக்காரர் கிடைத்துவிட்டார். வடக்கே கரையோர வீடு. சனிக்கிழமை சாயங்காலம் கயாக்கை மணலில் இழுத்துப் போட்டுவிட்டு மேலே போயிருக்கிறார். கட்டவில்லை. ராத்திரி அலை எடுத்துக்கொண்டு போய்விட்டது. ஞாயிறு காலை சாவகாசமாக எழுந்து, சாப்பிட்டு, செய்தியைப் பார்த்து, "இது நம்முடையது மாதிரி இருக்கிறதே" என்று போன் செய்திருக்கிறார்.

எங்கள் படகில் யாரும் திட்டவில்லை. காக்ஸ்வெய்ன் சிரித்தார். "நல்ல ஞாயிற்றுக்கிழமை. எல்லாரும் உயிரோடு இருக்கிறார்கள்" என்றார். எனக்குத்தான் ஆத்திரம். ஒரு ஹெலிகாப்டர் ஒரு மணி நேரம் பறக்கப் பல ஆயிரம் டாலர் ஆகும். அது இங்கே காலி இடத்தைத் தேடிக்கொண்டிருக்கும்போது வேறெங்காவது நிஜமாகவே ஒருவர் முழுகினால்? அன்று மத்தியானம் எங்கள் கிட்டங்கியில் கிடந்த அட்டைப்பெட்டியைத் திறந்து பார்த்தேன். உள்ளே ஆரஞ்சு நிற ஸ்டிக்கர்கள் கட்டுக்கட்டாக இருந்தன. 'கண்டெடுத்தால் தெரிவிக்கவும்' என்ற வாசகம், பெயர், இரண்டு போன் நம்பர் எழுத இடம். அவ்வளவுதான். தண்ணீருக்கும் வெயிலுக்கும் தாங்கும். இலவசம். கயாக், கனூ எதில் வேண்டுமானாலும் ஒட்டலாம். காலி கயாக் கிடைத்தால் காவல்படை அந்த நம்பரைக் கூப்பிடும். ஆள் எடுத்தால் தேடல் முடிந்தது. எடுக்காவிட்டாலோ, வீட்டில் இருப்பவர் "காலையிலேயே தண்ணிக்குப் போனாரே" என்றாலோ, யாரை, எப்போதிலிருந்து, எந்தத் துறையிலிருந்து தேட வேண்டும் என்று உடனே தெரிந்துவிடும்.

அந்தப் பெட்டியை ஒரு வருடமாகத் தாண்டித் தாண்டிப் போயிருக்கிறேன். ஸ்டிக்கர் ஒட்டவா வந்தோம் என்ற இளக்காரம்.

இப்போது என் கோடைக்காலத்தில் பெரும்பகுதி மெக்கின்லி மரீனாவின் படகு இறக்கும் சரிவில் கழிகிறது. கையில் அட்டையும் பேனாவும். வருகிறவர்களிடம், "படகை இலவசமாகப் பரிசோதித்துத் தரட்டுமா?" என்று கேட்பேன். பாதிப் பேர் போலீஸ் என்று நினைத்துப் பின்வாங்குவார்கள். குறை இருந்தால் யாரிடமும் சொல்ல மாட்டோம், உங்களிடம் மட்டும்தான் சொல்வோம் என்று விளக்க வேண்டும். தேறினால் அந்த வருடத்துக்கான ஸ்டிக்கர் ஒன்று ஒட்டுவோம்.

என்னென்ன பார்ப்போம்? ஆளுக்கொரு லைஃப் ஜாக்கெட், அளவுக்கேற்றது. கடையில் வாங்கிய பிளாஸ்டிக் உறையைப் பிரிக்காமலே இருக்கைக்கு அடியில் வைத்திருப்பவர்கள் நிறைய. முழுகும்போது கத்தரிக்கோல் தேடுவார்களா என்று கேட்கத் தோன்றும், கேட்க மாட்டேன். ஆபத்து வெளிச்சத்துக்கான தீப்பந்தங்கள் செய்த நாளிலிருந்து 42 மாதம்தான் செல்லும். போன தீபாவளி மத்தாப்பு மாதிரி நமத்துப்போனதை வைத்திருப்பார்கள். ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப் போடும் வகைத் தீயணைப்பான் 12 வருடத்துக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது. 2022இல் வந்த விதி. விளக்குகள், ஹார்ன், எஞ்சினை நிறுத்தும் கயிறு. 26 அடிக்குக் குறைவான வேகப் படகில் ஓட்டுபவர் அந்தக் கயிற்றை உடம்பில் மாட்டிக்கொள்ள வேண்டும் என்பது 2021 ஏப்ரலிலிருந்து சட்டம். அவர் தவறி விழுந்தால் எஞ்சின் நின்றுவிடும். இல்லாவிட்டால் படகு வட்டமடித்து வந்து அவர் மேலேயே ஏறும்.

இதைவிட அலுப்பான வேலை உலகத்தில் இருக்க முடியாது. ஆனால் 2023இல் அமெரிக்கா முழுக்க உல்லாசப் படகு விபத்துகளில் 564 பேர் செத்தார்கள். நான்கில் மூன்று பேர் முழுகித்தான். அப்படி முழுகியவர்களில் நூற்றுக்கு 87 பேர் லைஃப் ஜாக்கெட் போட்டிருக்கவில்லை. ஹெலிகாப்டர் தாமதமாக வந்ததால் செத்தவர்கள் இல்லை இவர்கள். சரிவில் நிற்கும்போதே போட்டிருக்க வேண்டியதைப் போடாதவர்கள்.

போன ஜூலையில் ஒரு தமிழ்க் குடும்பம் வந்தது. புதுக் கயாக் இரண்டு, கார் கூரை மேல். பெரியம்மா ஒருவர் ஊரிலிருந்து வந்திருந்தார்; மடிப்புக் கலையாத காட்டன் சேலை. நான் தமிழில் பேசியதும் கொஞ்ச நேரம் எல்லாரும் ஏரியை மறந்துவிட்டோம். நான் ஆரஞ்சு ஸ்டிக்கரை ஒட்டி நம்பர் எழுதச் சொன்னபோது பெரியம்மா உற்றுப் பார்த்தார்.

"இது என்னத்துக்கு தம்பி? எலுமிச்சம்பழம் கட்டுற மாதிரியா?"

"அதேதாம்மா. ஆனா இதுல போன் நம்பர் இருக்கும்."

"அப்போ இது பலிக்கும்" என்றார்.

வீரச் செயல் எதுவுமே கிடையாதா என்று நண்பர்கள் கேட்கிறார்கள். எஞ்சின் நின்றுபோன படகுகளைக் கட்டி இழுத்து வந்திருக்கிறேன், ஏழெட்டு. கயிறு வீசியதில் இரண்டு தடவை தண்ணீரிலும் ஒரு தடவை காக்ஸ்வெய்னின் காபிக் கோப்பையிலும் விழுந்தது. தண்ணீரிலிருந்து உயிரோடு யாரையும் என் கையால் தூக்கியதில்லை. இந்த ஏரியில் அப்படித் தூக்கியவர்கள் இருந்திருக்கிறார்கள். 1860 செப்டம்பர் 8ஆம் தேதி விடியற்காலையில், மில்வாக்கியின் ஐரிஷ் குடும்பங்களை ஏற்றிக்கொண்டு சிகாகோவிலிருந்து திரும்பிய லேடி எல்ஜின் என்ற நீராவிக் கப்பல் மரம் ஏற்றிய பாய்க்கப்பல் ஒன்றோடு மோதி மூழ்கியது. ஏறக்குறைய 300 பேர் செத்தார்கள். எட்வர்ட் ஸ்பென்சர் என்ற கல்லூரி மாணவர் இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு அலைக்குள் மறுபடி மறுபடி நீந்திப் போய் 17 பேரைக் கரை சேர்த்தார். அப்போது கடலோரக் காவல்படையும் இல்லை, நாங்களும் இல்லை. அவர் உடம்பு அதற்குப் பிறகு தேறவே இல்லை என்கிறார்கள். அவரோடு என்னை ஒப்பிட்டுக்கொள்வதற்காக இதைச் சொல்லவில்லை. மெக்கின்லி சரிவில் நிற்கும்போது அடிக்கடி அவர் ஞாபகம் வரும், அவ்வளவுதான்.

இந்த வருடம் ஜூனில் ஒரு காலை. காவல்படை நிலையத்தின் ரேடியோ அறையில் உதவிக்கு உட்கார்ந்திருந்தேன். அதற்கும் தனிப் பயிற்சி உண்டு. ஐந்து நாற்பதுக்கு ஓர் அழைப்பு: பச்சைக் கயாக், காலி, துறைமுகத்துக்குத் தெற்கே. மேலே ஆரஞ்சாக ஏதோ ஒட்டியிருக்கிறது என்றார் பார்த்தவர். நம்பரை வாசிக்கச் சொன்னோம். பாதி அழிந்திருந்தது, இரண்டாவது நம்பர் தெளிவாக இருந்தது. பணியில் இருந்த பெண் என்னைக் கூப்பிடச் சொன்னார்.

ஏழு தடவை மணி அடித்தது. ஒவ்வொன்றுக்கும் என் நெஞ்சில் ஒன்று. எட்டாவதில் தூக்கக் கலக்கத்தோடு ஒருவர் எடுத்தார். யார் பேசுகிறோம் என்று சொல்லி, உங்கள் வீட்டில் எல்லாரும் இருக்கிறார்களா, உங்கள் கயாக் எங்கே இருக்கிறது என்று கேட்டேன்.

"எல்லாரும் தூங்குறாங்க. கயாக் பின்னாடி இருக்கு."

"ஒரு நிமிஷம் பார்த்துச் சொல்ல முடியுமா?"

கதவு திறக்கும் சத்தம் கேட்டது. ஒரு நாய் குரைத்தது. மரப்படியில் செருப்புச் சத்தம், அப்புறம் வெறும் காற்று. நெடுநேரம் காற்று.

"இல்லை" என்றார். "துடுப்பு மட்டும் இருக்கு."

அலைதடுப்புச் சுவர்ப் பக்கம் கொண்டுவந்து வைக்கிறோம், வந்து எடுத்துக்கொள்ளுங்கள், இனிமேல் கட்டி வையுங்கள் என்றேன்.

"கட்டித்தான் வெச்சிருந்தேன்" என்றார். "நாய் கடிச்சிருக்கும் போல. கயிறு பாதிதான் இருக்கு."